சும்மாடும் இயந்திரக் கையும்

விஞ்ஞானம் நாளொரு புதுமை காட்டிவரும் இக்காலத்தில், வீடு கட்டவும் இயந்திரம் வந்துவிட்டது என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பர். சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ‘த்வஸ்தா’ நிறுவனம், அவ்வளாகத்திலேயே 600 சதுர அடியில் ஒரு வீட்டை அச்சிட்டது. 2021 ஏப்ரலில் மத்திய நிதியமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அதனைத் திறந்து வைத்தார். வீட்டை எப்படி அச்சிடுவது என்கிறீர்களா? முறுக்கு உழக்கிலிருந்து மாவு இறங்குவதுபோலக் குழாய் முனையிலிருந்து காங்கிரீட் கலவை இறங்குகிறது. கணினி காட்டும் வழியில் முனை நகர, வரிமேல் வரியாகச் சுவர் எழும்புகிறது.

ஒரு வீட்டைக் கட்டிக் காட்டுவது வேறு, ஊர் ஊராகக் கட்டிக் கொடுப்பது வேறு. 1980களில் ஜப்பானியக் கட்டுமான நிறுவனங்கள் பலவகை ரோபோக்களைச் செய்து பார்த்தன. அவற்றுள் பெரும்பாலானவை சோதனையோடு நின்றுவிட்டன. நம் நாட்டில் எல் அண்டு டி நிறுவனம், ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலோடு, பெங்களூரு அல்சூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் ஒன்றை 43 நாட்களில் கட்டியது. 2023 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. பொதுமக்கள் நாள்தோறும் புழங்கும் கட்டடம் என்பதால் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பெங்களூரின் குளிர்ச்சி சிக்கலில் ஏது? கலவை குழாயில் அடைக்காமல் ஓடவும் வேண்டும், இறங்கிய சற்று நேரத்தில் மேல்வரியைத் தாங்கவும் வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் அளவுக்கு உப்பு நிறைந்த கரை இது. உவர்நீரைக் கலந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துச் சுவரைப் பிளக்கும். நல்ல தண்ணீருக்கு நாம் படும் பாட்டை எந்த இயந்திரம் அறியும்! இவற்றையெல்லாம் இங்கேயே சோதித்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை விற்பனைக்குரியது என்று நான் ஒப்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடத்தில் கையாளாகச் சேரும் ஆண், சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறார். அன்றே சேர்ந்த பெண்ணோ, தலையில் சும்மாடும் சாந்துச் சட்டியுமாக முதுமை வரை சித்தாளாகவே இருக்கிறாள். கலவை குழைப்பதும் சுமப்பதும்தான் இயந்திரம் முதலில் பறிக்கும் வேலைகள். கதவு, மின்கம்பி, கூரை வேலைகளுக்கு ஆண்கள் அப்போதும் தேவைப்படுவர். ஆக, முதலில் கூலி இழப்பவள் அவளே.

அதற்காக இயந்திரமே வேண்டாம் என்பேனோ? மாட்டேன். கழுத்தை அழுத்தும் அந்தச் சட்டி ஒழியட்டும். ஆனால் அரசுப் பணத்தில் வீடு அச்சிடும் நிறுவனம் எதுவாயினும், அந்தந்த ஊர்ச் சித்தாள்களுக்கு இயந்திரத்தை இயக்கவும் கலவையைச் சோதிக்கவும் பயிற்சி தர வேண்டுமென்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வழக்கு உண்டு. பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படிக்கிறேன் என்று மகள் சொன்னால், “பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டட வேலை எதற்கு?” என்று கேட்கிறார்கள். பெண்கள் மண் சுமக்காமல் இவ்வூரில் எந்தக் கட்டடம் எழுந்தது? சுமக்கும்போது யாரும் அப்படிக் கேட்டதில்லையே!