கேளாச் செவியும் கேட்காத் தமிழரும்

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்னும் பழமொழியைத் தமிழ்மேடைகள் இன்னும் விட்டபாடில்லை. தமிழனுக்கு உணர்வூட்ட முயன்று ஓய்ந்த பேச்சாளர் பலரும் அதனைச் சொல்லியே மேடையிறங்குகின்றனர். குண்டின் ஓசை கேளாமல், அதன் அதிர்வை மட்டும் மார்பிலும் உள்ளங்காலிலும் ஏற்று உயிர் பிழைத்த ஈழத்தமிழர் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால் என்ன எண்ணுவார்?

அவரைத் தேட வன்னி வரை செல்ல வேண்டா. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை இரைச்சலுக்கு அணித்தே ஏதிலியர் முகாம் உள்ளது. 2021-இல் தமிழக அரசு அத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிற்று. ('முகாம்' தமிழ்ச்சொல்லும் அன்று, அங்கு வாழ்வார்க்கு அது சொந்த ஊரும் அன்று.) நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் அவ்விடத்தில் செவிப்புலன் இழந்தோர் இலர் என்று எவர் துணிந்து சொல்வார்?

போரின் கட்டளைகளெல்லாம் ஒலியாகவே வந்தன. 1995 அக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னது ஒலிபெருக்கி. 2009-இல் வன்னியில் மக்களை விரட்டியதும், பின்னர் முள்வேலிக்குள் பெயர் சொல்லி அழைத்ததும் ஒலிபெருக்கியே. வானூர்தியின் இரைச்சல் கேட்டவன் பதுங்குகுழிக்கு ஓடினான். கேளாதவன் பிறர் ஓடுவதைக் கண்ட பின்னரே ஓடினான். குழிக்குள்ளும் அவனுக்கு வேறொரு கேடு காத்திருந்தது. வானூர்திக்கு அஞ்சி விளக்கை அணைப்பர். கையசைவால் பேசுவானுக்கு இருட்டில் ஏது மொழி? அருகே தாய் இருந்தும் அவளிடம் ஒரு சொல் கேட்க இயலாது. கைகளை உயர்த்திச் சரணடையச் சொன்னபோதோ, அவனுடைய நாவையே கட்டியதாயிற்று.

1956-ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் தமிழனைத் தன் மண்ணிலேயே ஊமையாக்கிற்று என்று தமிழர் சினந்தனர், அச்சினம் முறையானதே. ஆயினும் படைச்சாவடியில் சிங்களத்தில் "நில்" என்று கத்தினால், சிங்களம் அறியாத் தமிழன் குரலின் கடுமை கண்டேனும் நிற்பான். கேளாதவன் நடந்துகொண்டேயிருப்பான். அவன் கேளாதவனா, கீழ்ப்படியாதவனா என்பதைத் துமுக்கி ஆராயாது.

போர் புதிதாகச் செவிகெடுத்தாரும் உண்டு. வெடியதிர்ச்சியில் கிழிந்த செவிப்பறை சிலர்க்கு ஆறும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளையா. நடுவயதில் செவி இழந்தார்க்குக் கைமொழியும் தெரியாது.

"அனைவரும் துன்புற்றனர், இவரை மட்டும் பிரித்துப் பேசுவானேன்?" என வினவும் தமிழ்ப்பற்றாளர் உளர். பிரித்தவர் எவர்? தமிழ் என்றாலே நாவும் செவியும் என வரையறுத்தவரன்றோ பிரித்தனர்! தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கென ஓர் இயலே வகுத்தார். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என ஒரே பெயரில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். (அவரே கேள்வியைச் செல்வங்களுள் தலையாயதென்றார் எனச் சிலர் எடுத்துக்காட்டுவர். ஆங்கு அவர் போற்றியது அறிவுடையார் சொல்லை, காதின் தோலையன்று.) வடசொல் ஒன்று புகுந்தால் துடிக்கும் புலவர், யாழ்ப்பாணத்துக் கைதடியில் காதுகேளாதார்க்கும் பார்வையற்றார்க்குமான பள்ளியில் வளர்ந்த பிள்ளைகளின் கைகளில் எத்தகைய தமிழ் வழங்கிற்று என்று ஒருநாளேனும் வினவினரா?

மாற்றுத்திறனாளர் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2006-இலேயே, தன் 11-ஆம் பிரிவில், போர்க்காலத்தில் அவர்களைக் காப்பதை அரசுகளின் கடமையாக்கிற்று. இலங்கை அதனை உறுதிசெய்தது 2016-இல். முள்ளிவாய்க்கால் முடிந்து ஏறத்தாழ ஏழாண்டு கழிந்தபின்! கொழும்பின் நடிப்பு தெரிந்ததே. தமிழகத் தமிழர் செய்ததென்ன? முள்ளிவாய்க்கால் நினைவுக்கூட்டங்கள் ஆண்டுதோறும் மே 18-இல் நிகழ்கின்றன. அம்மேடைகளில் கைமொழி பெயர்ப்பாளர் எத்தனை பேர் நின்றனர்?

வரும் மே மாதத்திற்கு முன் ஒரு வேலை உண்டு. கைமொழி அறிந்த ஆசிரியர் ஒருவருடன் இருவர் மூவர் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லட்டும். ஒலிப்பதிவுக் கருவி வேண்டா. படப்பிடிப்புக் கருவி கொண்டுசெல்க. முகம் காட்ட ஒப்பாதாரின் கைகளை மட்டும் படமெடுக்கலாம். மாலை வேலை முடிந்து அவர்கள் திரும்பியபின், நல்ல வெளிச்சத்தில் எதிரெதிர் அமர்ந்து, அவர்தம் கைகள் ஓயும்வரை காத்திருந்து எழுதுக.