பாறுகளும் சட்டமும்

காட்டுயிர்களைக் காப்பவர் யார் என்று கேட்டால், காட்டுக்குள் இரவும் பகலும் சுற்றிவரும் வனக்காவலரே பலருடைய நினைவுக்கு வருவார். அவருடைய தொண்டு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், காட்டிற்கு வெளியே அரசு அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் சான்றுகளைச் சுமந்து சென்று, ஓர் உயிரினத்திற்காகச் சட்டம் வேண்டி நிற்போரும் காவலர்களே. சில உயிரினங்களை அவர்களுடைய உழைப்பின்றிக் காக்கவே இயலாது. இந்தியாவில் பாறுகள் அழிந்த வரலாறும், அவற்றைக் காக்கச் சட்டங்கள் பிறந்த வரலாறும் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றன.

வானம் வெறுமையான கதை

பிணந்தின்னிக் கழுகுக்குப் பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். பாறு வேட்டையாடுவதில்லை. இறந்த விலங்குகளின் உடலையே உண்டு வாழ்கிறது. பாறுகளின் கூட்டம் ஒன்று வந்திறங்கினால், ஒரு மாட்டின் உடல் சில மணி நேரத்தில் வெறும் எலும்புக்கூடாகிவிடும். கூலி பெறாத இத்துப்புரவாளர்கள் 1980களில் இந்தியாவில் ஏறத்தாழ 4 கோடி இருந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

1990களில் நிலை மாறியது. இராசத்தான் மாநிலத்தின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அறிவியலாளர் விபு பிரகாஷ் பாறுகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார். கூடுகள் குறைந்தன. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி சோர்ந்து அமர்ந்திருந்து, பின்னர் இறந்து விழுந்தன. இந்நிலை ஓர் இடத்தோடு நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டிற்கும் 2007ஆம் ஆண்டிற்கும் இடையில் இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது. அதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டில் நூற்றுக்கு மூன்று அளவிலேயே எஞ்சின.

இவ்வழிவு பறவைகளோடு முடியவில்லை. உண்ணப்படாத உடல்கள் ஊர்ப்புறங்களில் அழுகிக் கிடந்தன. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் அச்சமும் வளர்ந்தது. இறந்தோரின் உடலைப் பாறுகளுக்கு ஈயும் பார்சி மக்களின் நெடுநாள் வழக்கம் தடைப்பட்டது. பாறுகள் மறைந்ததன் விளைவாக 2000ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் கூடுதலாக இறந்தனர் என்று 2024ஆம் ஆண்டில் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று கணக்கிடுகிறது. ஒரு பறவையின் அழிவு மனிதரின் உயிர்க்கணக்கிலும் எழுதப்பட்டுவிடுகிறது.

குற்றவாளி யார்?

நோயோ, நஞ்சோ என்று பலரும் தேடிக்கொண்டிருந்தபோது, பாகித்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர். 2004ஆம் ஆண்டில் அவர்களின் ஆய்வு வெளிவந்தது. கால்நடைகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கப் பயன்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே பாறுகளைக் கொன்றது. அம்மருந்து செலுத்தப்பட்ட மாடு விரைவில் இறந்துபோனால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அவ்வுடலை உண்ணும் பாறுகள் சிறுநீரகம் பழுதடைந்து சில நாள்களில் மடியும்.

இங்குதான் சட்டத்தின் வேடிக்கை தோன்றுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அது வேட்டையைத் தடுக்கிறது. வேட்டைப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்கிறது. ஆனால் பாறுகளை எவரும் வேட்டையாடவில்லை. தன் மாட்டின் வலியைத் தீர்க்க விரும்பிய உழவரும், அவருக்கு உதவிய கால்நடை மருத்துவரும், உரிமம் பெற்று மருந்து செய்த நிறுவனமும் எந்தக் குற்றமும் புரியவில்லை. குற்றவாளி இல்லாமலே ஓர் இனம் அழிந்துகொண்டிருந்தது. பறவையைக் காக்கும் அதிகாரம் வனச் சட்டத்தில் இல்லை. அது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் இருந்தது. ஆகவே, பறவையை நேசித்தவர்கள் மருந்துத் துறையின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

சான்றும் மாற்றும்

வேண்டுகோள் வெற்றி பெற இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று, மறுக்க முடியாத சான்று. மற்றொன்று, ஏற்கத்தக்க மாற்று. கால் வீங்கிக் கிடக்கும் பசுவின் முன்னே நிற்கும் ஏழை உழவரிடம், பறவைக்காக மருந்தை விட்டுவிடு என்று மட்டும் சொல்வது அறமன்று. அவ்வாறு சொல்லும் சட்டம் நிலைக்கவும் செய்யாது. மெலாக்சிகாம் என்னும் வேறொரு வலிநீக்கி மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஆய்வு காட்டியது. தேசிய வன உயிரின வாரியம் 2005ஆம் ஆண்டிலேயே டைக்ளோபினாக்கை விலக்குமாறு பரிந்துரைத்திருந்தது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் உற்பத்தி உரிமங்களைத் திரும்பப் பெற ஆணை பிறந்தது. 2008ஆம் ஆண்டில் அரசிதழில் தடை வெளியாயிற்று. நேபாளமும் பாகித்தானும் 2006ஆம் ஆண்டிலேயே தடை விதித்தன.

சட்டம் பிறந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தால் பாறுகள் பிழைத்திரா. மனிதருக்கான டைக்ளோபினாக் ஊசிமருந்து 30 மில்லிலிட்டர் குப்பிகளில் கடைகளில் கிடைத்தது. அதனை மாடுகளுக்குச் செலுத்துவது எளிதாக இருந்தது. இத்தகைய குப்பிகளை நீக்கி, ஒருமுறைக்குரிய 3 மில்லிலிட்டர் குப்பிகளையே விற்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டில் அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் அவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டி வாழும் பாறுகளுக்கு அத்தீர்ப்பு ஓர் அரண்.

குப்பியின் அளவை மாற்றுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தை வேண்டி நிற்போரின் திறமை இத்தகைய நுட்பத்தில்தான் வெளிப்படுகிறது. மனித நோயாளியின் மருந்தை அது பறிக்கவில்லை. தவறான பயன்பாட்டை மட்டும் கடினமாக்கியது. நல்ல சட்டம் யாரையும் தண்டிக்காமலே தீங்கைத் தடுக்க வல்லது.

மாற வேண்டிய முறை

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும் ஒரு பெருங்குறை எஞ்சியிருக்கிறது. டைக்ளோபினாக் தடைப்பட்ட பின்னர், பாறுகளைக் கொல்லும் வேறு மருந்துகள் கால்நடைகளுக்குத் தரப்பட்டு வந்தன. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டிற்கும் 2023ஆம் ஆண்டில்தான் தடை வந்தது. வங்காளதேசம் கீட்டோபுரோபெனை 2021ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. நிமிசுலைடு என்னும் மருந்து இந்தியாவில் 2024ஆம் ஆண்டின் இறுதியில் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசைதான்: மருந்து விற்பனைக்கு வருகிறது, பறவைகள் இறக்கின்றன, ஆய்வு நடக்கிறது, முறையீடு செல்கிறது, பல ஆண்டுகளுக்குப் பின் தடை பிறக்கிறது. மருந்து தீயது என்று மெய்ப்பிக்கும் சுமை பறவையின் பக்கத்தாரிடமே விடப்பட்டுள்ளது.

இவ்வரிசை தலைகீழாக மாற வேண்டும். கால்நடைகளுக்கான வலிநீக்கி மருந்து எதுவாயினும், அது பாறுகளுக்குத் தீங்கற்றது என்று காட்டப்பட்ட பின்னரே உரிமம் பெற வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை, இலாபம் பெறுவோரைச் சார்வதே முறை. பாறுகளுக்கு நஞ்சு என்று கண்டறியப்படும் கால்நடை மருந்தைத் தானாகவே விலக்கும் முறை ஒன்று வேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட பாறு பாதுகாப்புச் செயல்திட்டமும் கூறுகிறது. அதனினும் ஒருபடி மேலாக, இறப்பு நேரும் முன்னரே சோதனை நடைபெறுமாறு சட்டம் அமைய வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. சோதனைகளால் செலவு கூடும். புதிய மருந்துகள் வரத் தாமதமாகும் என்பர் சிலர். அருகிவிட்ட பறவைகளையே சோதனைக்கு உட்படுத்துவதா என்று வேறு சிலர் கேட்பர். இவை புறக்கணிக்கத்தக்க கேள்விகள் அல்ல. எனினும், மெலாக்சிகாம் சோதனை ஆப்பிரிக்காவின் பாறுகளிடம் தொடங்கிப் படிப்படியாகச் சென்ற பின்னரே இந்தியப் பாறுகளிடம் நடத்தப்பட்டது. எச்சரிக்கையோடு செய்ய வழி இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை, பாறுகள் மறைந்ததால் நாடு கொடுத்த விலையை நோக்கினால் சோதனைச் செலவு மிகச் சிறிது. தாமதமும் பெரிய இழப்பன்று. உழவரின் கையில் தீங்கற்ற மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

காலம் இங்கே மிக முதன்மையானது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். அதன் குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்டச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். அரியானா மாநிலத்தின் பிஞ்சோரில் உள்ள இனப்பெருக்க மையத்தில் பாறுகள் அரும்பாடுபட்டு வளர்க்கப்படுகின்றன. அங்கிருந்து வெளியே பறக்கும் பறவை, நஞ்சேறிய ஒரு மாட்டின் உடலில் இறங்கினால், பல ஆண்டு உழைப்பு ஒரு வேளை உணவில் அழிந்துபோகும். கோப்பு ஒன்று மேசையில் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பறவைக்கு இழப்பே.

ஆகவே, காட்டுயிரைக் காக்க விரும்பும் இளைஞர் வனவியல் மட்டுமே கற்க வேண்டும் என்பதில்லை. சட்டம் கற்றவர், கால்நடை மருத்துவம் கற்றவர், பொருளியல் கற்றவர், அறிவியல் சான்றைச் சட்டமன்ற உறுப்பினரும் உழவரும் உணருமாறு எளிய தாய்மொழியில் எழுதத் தெரிந்தவர் ஆகிய அனைவருக்கும் இத்துறையில் இடம் உண்டு. அவர்களுடைய பணியில் ஆரவாரம் இல்லை. முடிவு தெரியப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். அவ்வாறு காத்திருந்தோர் இருந்தமையால்தான் இந்திய வானில் பாறுகள் இன்னும் சில வட்டமிடுகின்றன. அவை பலவாகப் பெருக வேண்டுமாயின், அழிவைத் தொடர்ந்து ஓடும் சட்டம் போதாது. அழிவிற்கு முன்னே சென்று நிற்கும் சட்டம் வேண்டும்.