நாலு நிமிடப் படத்தை யார் வெளியிடுவார்கள்? காசாவின் 22 குறும்படங்கள் சொல்லும் பாடம்

கடந்த மாதம் ஓர் இரவு, மடிக்கணினியில் ஒரு சின்னஞ்சிறு அசைவூட்டப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் வெட்டிய உருவங்கள். அவற்றை வெட்டியவர்களும் நகர்த்தியவர்களும் காசாவின் பிள்ளைகள். படத்தில் தாய்மார் தங்கள் குழந்தைகளின் கைகளிலும் கால்களிலும் பெயரை எழுதுகிறார்கள். குண்டு விழுந்தால் உடலை அடையாளம் காண வேண்டுமே, அதற்காக.

பக்கத்தில் இருந்து பார்த்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். 2009 இல் பெயரும் ஊரும் எழுதிய துண்டைப் பொலித்தீனில் சுற்றி, தம்பியின் காற்சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தவர் அவர். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் பிள்ளையள் இப்ப இருக்கினமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. முற்றுகைக்குள் பிள்ளைகள் காகிதத்தில் செய்த படம் கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் வீடுவரை எப்படி வந்தது?

'ஃப்ரம் கிரவுண்ட் ஸீரோ' என்ற தொகுப்பில் உள்ள படம் அது. பெயர் 'சொஃப்ட் ஸ்கின்'. இயக்கியவர் கமிஸ் மஷராவி. காசாவின் ஷாதி அகதி முகாமில் பிறந்த மூத்த இயக்குநர் ரஷீத் மஷராவி, 2023 ஒக்டோபருக்குப் பிறகு காசாவுக்குள் இருந்த படைப்பாளிகளை இணைத்துத் தொடங்கிய முயற்சி இந்தத் தொகுப்பு. மொத்தம் 22 படங்கள். பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு நிமிடம் ஓடுபவை. ஆவணப்படம், புனைவு, அசைவூட்டம், பொம்மலாட்டம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஒன்றில் பொம்மைகள் வெற்றுத் தகரப் பேணிகளால் ஆனவை. இன்னொன்று பாதியில் நிற்கிறது. சகோதரனையும் அவரது பிள்ளைகளையும் இழந்துவிட்டதால் தொடர முடியவில்லை என்று இயக்குநரே கமரா முன் வந்து சொல்கிறார். முடியாத அந்தப் படத்தையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள்.

ஊடகக் கல்வி படித்தவருக்கு இங்கே முக்கியமாகப்படுவது படங்கள் பயணித்த பாதை. 2024 மே மாதம் கான் விழாவின் அதிகாரபூர்வப் பட்டியலில் இவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. மஷராவி விழாவுக்கு வெளியே தாமாகவே திரையிட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் ரொறன்ரோ விழாவில் காட்டப்பட்டது. டிசம்பரில், பலஸ்தீனத்தின் சார்பில் அனுப்பப்பட்ட படமாக, ஒஸ்கார் சர்வதேசத் திரைப்படப் பிரிவின் 15 பேர் கொண்ட குறும்பட்டியலில் இடம்பிடித்தது. இறுதி ஐந்துக்குள் வரவில்லை. இதற்கிடையில் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் நிர்வாகத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். 2025 ஜனவரி 3 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது வோட்டர்மெலன் பிக்சர்ஸ். பலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர்கள் 2024 இல் தொடங்கிய விநியோக நிறுவனம் அது.

நாலு நிமிடப் படத்தை எந்தத் திரையரங்கும் தனியாக வாங்காது. ஒஸ்கார் விதிப்படி 40 நிமிடத்துக்கு மேல் ஓடினால்தான் முழுநீளப் படம். 22 பேரும் தனித்தனியே விழாக்களுக்கு விண்ணப்பித்திருந்தால் ஒருசில படங்கள் எங்காவது காட்டப்பட்டு மறக்கப்பட்டிருக்கும். சேர்த்துக் கட்டியபோது இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரே படமாயிற்று. ஒரே வசனவரி, ஒரே சுவரொட்டி, ஒரே பேரம். தொகுப்பு என்ற வடிவம் இங்கே கலைத் தெரிவாக இருந்த அளவுக்கு விநியோக உத்தியாகவும் இருந்தது.

நல்ல படம் தானாகவே போய்ச் சேரும் என்று நாம் நம்புகிறோம். 'நோ அதர் லாண்ட்' ஆவணப்படம் 2025 மார்ச்சில் ஒஸ்கார் வென்றபோதும் அதற்கு அமெரிக்காவில் விநியோகஸ்தர் இல்லை. படக்குழு தானே வெளியிட வேண்டியிருந்தது. விருது கிடைத்தாலும் பாதை தனியாகப் போடப்பட வேண்டியதுதான்.

இந்த முறைக்கு விலையும் உண்டு. 22 பேரின் உழைப்பு வெளியுலகில் பெரும்பாலும் 'மஷராவியின் படம்' என்றே பேசப்பட்டது. பாதை போடுபவரின் பெயர் நிலைக்கிறது. நடந்து வந்தவர்களின் பெயர்கள் மங்குகின்றன. யாரும் இதே வழியில் போக நினைத்தால் முதலில் கவனிக்க வேண்டியது இதை.

இனி நம்மிடம் வருவோம். வடக்கு கிழக்கில் இளையோர் குறும்படம் எடுக்கிறார்கள். ஒரு திரையிடல், ஒரு சான்றிதழ், பிறகு யூரியூப். அத்தோடு முடிகிறது. இலங்கையில் பொதுவில் திரையிடத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும் என்பது ஒரு தடை. 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013 இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர் மலேசிய நீதிமன்றத்தில் 2017 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 10,000 ரிங்கிட் தண்டம் கட்டினார். தடை கடல் கடந்தும் நீளும்.

ஆனால் எல்லாத் தடையும் அரசிடமிருந்து வருவதில்லை. இயக்கங்களை விமர்சித்த ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2018 இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து எதிர்ப்புக் காரணமாக விலக்கப்பட்டது. அந்தப் படத்தோடு உடன்படாமல் இருக்கலாம். பார்த்துவிட்டு முரண்படும் வாய்ப்பை நாமே மூடினோம். நமக்குப் பிடித்த சாட்சியம் மட்டும் பயணிக்க வேண்டும் என்றால், நமது தொகுப்பில் 22 குரல்கள் இருக்காது. ஒரே குரல் 22 தடவை ஒலிக்கும்.

அசைவூட்டம் நமக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இரண்டு காரணங்கள். நமது கடைசி மாதங்களில் கமராவுக்குள் வராதவையே அதிகம். வரைந்தால்தான் அவை தெரியும். அடுத்து, முகம் காட்டப் பயப்படுபவர் குரலை மட்டும் தரலாம். கைத்தொலைபேசி, காகிதம், கத்தரிக்கோல் இருந்தால் தொடங்கலாம் என்பதைக் காசாப் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள்.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களின் கதைகளைப் படமாக்க ஆட்கள் வரக்கூடும். அவற்றைத் திரட்டி, வசனவரி போட்டு, வெளியே கொண்டுபோகும் வேலையை யார் எடுப்பார்கள்? புலம்பெயர் நாடுகளில் பணமும் தொடர்பும் உள்ளவர்கள் இன்னொரு படம் எடுக்க உதவுவதைவிட, முதலில் இந்த வேலைக்கு ஒரு சிறு நிறுவனத்தை உருவாக்குவது பயன்தரும்.

அம்மாவின் பொலித்தீன் கதையை அன்றிரவுதான் முதல்முறையாக அவர் வாயால் கேட்டேன். யாரோ ஒருவர் அந்தக் காகிதப் படத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திராவிட்டால் அதுவும் நடந்திராது.