இராணுவச் செவிலியராக விழையும் மகள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில், "மகளை நர்சிங் படிக்க வைக்கலாமா?" என்ற கேள்வி நம் குடும்பங்களில் எழுவது புதிதன்று. செவிலியர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் பங்குகளில் அரிது. அக்கேள்வியின் இளைய தங்கையாக இப்பொழுது இன்னொன்றும் எழுகின்றது: "இராணுவத்தில் நர்ஸ் அதிகாரியாகச் சேர விரும்புகிறாள், அனுப்பலாமா?" இதைத் தாய் கேட்கும்போது குரலில் அச்சம் இருக்கும், தந்தை கேட்கும்போது செலவுக் கணக்கு இருக்கும். மகள் கேட்பதோ, "அதற்கு நான் எப்படித் தயாராவது?" என்பதுதான். மூவரையும் முன்னிருத்தியே இம்மாதப் பகுதியை எழுதுகின்றேன்.

முதலில் இப்பணியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். இந்தியப் படைவீரரின் உடல்நலத்திற்காக இலண்டனில் இருந்தபடியே ஓயாது எழுதிப் போராடியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. 1888ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பயிற்சி பெற்ற பத்து ஆங்கிலச் செவிலியர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினர். படை மருத்துவமனைகளில் முறையான செவிலியர் பணி அன்று தொடங்கிற்று. 1926இல் இந்திய இராணுவச் செவிலியர் பணி தனி அமைப்பாக உருப்பெற்றது. 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் அதன் உறுப்பினரைக் கமிஷன் பெற்ற அதிகாரிகளாக ஆக்கியது. 1976இல் அப்பணியின் தலைமைப் பொறுப்பிலிருந்த கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் அம்மையார் மேஜர் ஜெனரல் பதவி பெற்றார். இந்திய இராணுவத்தில் அந்நிலையை எய்திய முதல் பெண்மணி அவரே. மருத்துவப் பிரிவுகளுக்கு அப்பால் பெண்கள் இராணுவ அதிகாரிகளாகச் சேரும் வாய்ப்பு 1992இல்தான் பிறந்தது. பிறர்க்குக் கதவு திறக்கப்படுமுன்னரே, தோளில் நட்சத்திரம் அணிந்து நடந்தவர்கள் நம் செவிலியர்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தைப் பார்த்துவிட்டு, "நர்ஸ் அதிகாரிகளுக்கும் அங்கேதான் பயிற்சியோ?" எனக் கேட்பவர் உளர். அப்படியன்று. இராணுவச் செவிலியர் உருவாவது மருத்துவமனையிலேயே. அதற்கு இரண்டு வாயில்கள் உண்டு.

முதல் வாயில், பிளஸ் டூ முடித்த பெண்களுக்கான நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பு. பூனா, கல்கத்தா, பம்பாய், புதுதில்லி, லக்னோ, பெங்களூர் ஆகிய ஆறு நகரங்களில் படைத்துறை மருத்துவமனைகளைச் சார்ந்த நர்சிங் கல்லூரிகளில் இப்படிப்பு நடைபெறுகின்றது. ஆறிலும் சேர்த்து இடங்கள் 220 மட்டுமே. தங்குமிடமும் உணவும் இலவசம். சீருடைக்குப் படியும், மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்கும். படிப்பு நிறைவெய்தியதும் லெப்டினன்ட் பதவி. இரண்டாம் வாயில், முன்னரே பட்டம் பெற்ற செவிலியர்க்குரிய குறுகிய காலக் கமிஷன். வயது 21 முதல் 35 வரை இருக்கலாம். பி.எஸ்ஸி. நர்சிங் அல்லது அதற்கு மேற்பட்ட பட்டமும், மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவும் வேண்டும். டிப்ளமா மட்டும் பெற்றவர்கள் 'போஸ்ட் பேசிக்' பட்டத்தை முடித்த பின்னரே இவ்வாயிலை அணுகலாம். தனியார் மருத்துவமனையில் சொற்ப ஊதியத்திற்கு இரவும் பகலும் உழைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கனவிலேயே காலத்தைக் கழிக்கும் நம் பெண்களில் பலர் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1943ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவியைப் பெண்களுக்கே உரியதாக வைத்துள்ளது. இளைஞர்களுக்கு 'நர்சிங் அசிஸ்டன்ட்' என்னும் படைவீரர் பணி உண்டு; அது அதிகாரிப் பதவி அன்று. இவ்வேறுபாடு நியாயமா என்பதை ஆய்வது நீதிமன்றங்களின் வேலை. படிக்கும் பையனுக்கு இவ்வுண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் வேலை.

இனித் தயாரிப்புக்கு வருவோம். தயாரிப்பு பிளஸ் டூ முடிவன்று தொடங்குவதன்று. பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குகின்றது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். பள்ளியில் முறையாகப் பயின்ற மாணவியாக, முதல் முயற்சியிலேயே, 50 விழுக்காட்டுக்குக் குறையாத மதிப்பெண்ணுடன் தேறியிருக்க வேண்டும். 'முதல் முயற்சியிலேயே' என்னும் சொல்லைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் தவறி, துணைத் தேர்வில் எழுதித் தேறிய பெண் வேறு நூறு கல்லூரிகளில் சேரலாம். இங்கே சேர இயலாது. தனித் தேர்வர்க்கும் இடமில்லை. வயது ஏறத்தாழ 17 முதல் 25 வரை. உயரம் பொதுவாக 152 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. மணமாகாதவராகவோ, கணவனை இழந்தவராகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, சட்டப்படி பிரிந்து வாழ்பவராகவோ இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு முதல் இப்படிப்புக்கும் நீட் தேர்வு கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்பு இராணுவமே தேர்வு நடத்திவந்தது. நீட்டைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் வழக்கை இங்கே மீண்டும் நடத்த வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரியை எண்ணியே அத்தேர்வை எழுதும் பெண்கள், கிட்டாதபோது எல்லாமே முடிந்துவிட்டதென இடிந்து போகின்றனர். அதே மதிப்பெண்ணைக் கொண்டு இராணுவச் செவிலியர் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதைத் தேர்வுக்கு முன்னரே அவர்கள் அறிந்திருப்பது எவ்வளவோ நன்று. எனினும் நீட்டில் தேறியவுடன் இடம் கிடைத்துவிடாது. தகுதிப் பட்டியலில் வந்தவர்களைத் தில்லிக்கு அழைத்து, பொது அறிவுத்திறனிலும் ஆங்கிலத்திலும் கணினித் தேர்வு நடத்துகின்றனர். பிறகு உளவியல் மதிப்பீடு, நேர்முகம், மருத்துவச் சோதனை.

தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். தில்லியில் நேர்முகக் குழுவின்முன் ஆங்கிலம் தேவை. இலக்கணப் புத்தகத்தை உருப்போடுவதால் அது வருவதில்லை. நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் ஆங்கில நாளிதழை உரக்க வாசிப்பதும், வாசித்ததைத் தன் சொற்களில் இரண்டு நிமிடம் தங்கையிடமோ தோழியிடமோ சொல்லிக் காட்டுவதும் ஓராண்டு தொடர்ந்தால் நாக்கு தானாகத் திருந்தும். பிழையாகப் பேசினாலும் சிரிக்காதிருப்பது வீட்டார் செய்யக்கூடிய பேருதவி.

ஆங்கிலத்தை விடவும் நான் வற்புறுத்துவது இந்தியை. தேர்வுக்காகச் சொல்லவில்லை, கட்டிலுக்காகச் சொல்கின்றேன். காயமுற்றுக் கிடக்கும் வீரன் பஞ்சாபியாகவோ, கடுவாலியாகவோ, பீகாரியாகவோ இருப்பான். பொதுவாக அவன் அறிந்தது இந்தி. "எங்கே வலிக்கிறது? எப்போது சாப்பிட்டாய்? வீட்டிற்குச் செய்தி சொல்லட்டுமா?" என்று அவனிடம் கேட்க முடியாத செவிலி, எத்துணை மதிப்பெண் பெற்றவளாயினும் பாதிச் செவிலியே. மொழி அரசியலில் நம் வீட்டின் கொள்கை எதுவாகவும் இருக்கட்டும். நோயாளியின் மொழியைக் கற்பது தொழிலின் ஒரு பகுதி.

அடுத்து உடல். இராணுவம் என்றவுடன் ஓட்டத்தையும் தாண்டலையும் நினைப்பவர்கள் இரத்தத்தை மறந்துவிடுகின்றனர். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நம் மகள் மற்றப் பாதியில் இருக்கிறாள் என்று யார் சொன்னது? மார்பு எக்ஸ்-ரேயும் வயிற்று ஸ்கேனும் மருத்துவச் சோதனையில் அடங்கும். ஆகவே ஓராண்டுக்கு முன்னரே அரசு மருத்துவமனையில் இரத்தம், பற்கள், கண், காது ஆகியவற்றைச் சோதித்துவிடுவது அறிவுடைமை. சொத்தைப் பல்லை மூன்று மாதத்தில் சீர்செய்யலாம். தில்லிக்கு வண்டியேறிய பின் செய்ய இயலாது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் முட்டையும், விடியற்காலையில் அரைமணி நேர விரைவு நடையும் எந்தக் குடும்பத்திற்கும் எட்டாதவை அல்ல. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்னும் பழைய வழக்கம் எந்த வீட்டிலேனும் எஞ்சியிருந்தால் அதற்கும் இதுவே முடிவுகட்ட ஏற்ற தருணம்.

உளவியல் மதிப்பீட்டுக்கு மனப்பாட விடைகளைத் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்களை நான் நம்புவதில்லை. உயிரியல் செய்முறை வகுப்பில் மயங்கி விழும் பெண், இரத்தம் கண்டால் முகம் திருப்பும் பெண், "ஏன் இவ்வேலை?" என்ற கேள்விக்கு, "அப்பா சொன்னார்" என்பதைத் தவிர வேறு விடை இல்லாத பெண் ஆகியோரைப் பயிற்சி நிலையம் மாற்றிவிடாது. விடுமுறையில் பாட்டியின் புண்ணுக்குக் கட்டுப்போடவும், நோயுற்ற அண்டை வீட்டாருக்கு இரவில் துணையிருக்கவும் அவளை விட்டுப் பாருங்கள். அதில் மனம் ஒன்றுகின்றதா என்பது ஒரு வாரத்தில் அவளுக்கே தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் ஊதியத்தைக் காட்டி அவளைத் தள்ளாதீர்கள்.

தாய்மாரின் அச்சத்திற்கு வருவோம். "கலியாணம் தடைப்படுமே" என்பது அவற்றுள் முதன்மையானது. இதில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. 1977ஆம் ஆண்டின் இராணுவ விதியொன்று, திருமணத்தைச் செவிலியர் அதிகாரியின் பணிநீக்கத்திற்குரிய காரணமாக வைத்திருந்தது. அவ்விதியின் கீழ் 1988இல், ஓர் இராணுவ அதிகாரியை மணந்த சில மாதங்களிலேயே ஒரு பெண் லெப்டினன்ட் வெளியேற்றப்பட்டார். விதி 1995இல் திரும்பப் பெறப்பட்டது. அவரோ வழக்கை விடவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மணமானதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது அப்பட்டமான பாலினப் பாகுபாடு எனத் தீர்த்து, அவருக்கு 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற நீதி அது. இன்று எஞ்சியிருப்பது, நான்காண்டுப் பயிற்சிக் காலத்தில் மணம் புரியலாகாது என்னும் கட்டுப்பாடு. பதினெட்டு வயது மகளுக்கு அது தடையா, பாதுகாப்பா என்பதைத் தாய்மாரே சொல்லட்டும்.

இரண்டாவது அச்சம் போர். செவிலியர் துப்பாக்கி ஏந்திப் போரிடச் செல்பவர் அல்லர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் மருத்துவப் பணியாளரைத் தாக்கலாகாது என விதித்துள்ளன. காயமுற்றவன் பகைவனேயாயினும் வேறுபாடின்றிச் சிகிச்சையளிக்க வேண்டுமென்றும் கூறுகின்றன. சீருடை அணிந்த செவிலிக்கு இது கருணை மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும். ஒப்பந்தம் எழுதப்பட்டுள்ளதால் அபாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். எல்லைப்புற மருத்துவமனைகள் உள்ளன, பனிமலைகள் உள்ளன, அடிக்கடி இடமாற்றம் உண்டு. நீலகிரி வெலிங்டனில் இராணுவ மருத்துவமனை இருக்கிறதென்பதற்காக மகள் அங்கேதான் இருப்பாள் என்று கணக்கிட வேண்டாம். பல கிறிஸ்துமஸ் இரவுகளில் அவள் இடம் நம் வீட்டில் காலியாகவே இருக்கும்.

பணக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. படிப்புச் செலவு பெரும்பாலும் மிச்சம். ஊதியமும் மதிப்பும் உண்டு. எனினும் சமத்துவம் முழுமையாக வந்துவிடவில்லை. ஏழாவது ஊதியக் குழு வகுத்தபடி, மற்ற அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய் இராணுவப் பணிப்படி. செவிலியர் அதிகாரிக்கு 10,800. சேரும்போது ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். நடுவில் விலகினால் தண்டம் செலுத்த வேண்டிவரும். தொகையும் நிபந்தனையும் அவ்வாண்டின் அறிவிப்பில் இருக்கும். கையெழுத்துக்கு முன் தந்தையும் மகளும் சேர்ந்து அதை வரிவரியாக வாசியுங்கள். அறிவிப்பு வெளியாவது இராணுவத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில், விண்ணப்பிப்பதும் அங்கேதான். "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று இலட்சம் கொடுங்கள்" என்று வருபவனுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இறுதியாக, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு தொல்லை. திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர்! தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். பிறந்த நாளுக்குச் சான்றாக ஏற்கப்படுவது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள் என்றால் இந்த ஆண்டே பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியையைச் சென்று பாருங்கள். மூன்றிலும் பெயரும் நாளும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாயிருக்கட்டும். தேர்வுப் பட்டியல் அச்சான பின் திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலுவலகங்களின் வாயிலில் நிற்க நேரும். தில்லியிலிருந்து வரும் அழைப்பு அதுவரை காத்திராது.