விழுமியமும் விலையும்

உங்களுக்குரிய விழுமியங்கள் எவை என்று கேட்டால் நேர்மை, உழைப்பு, இரக்கம் எனப் பலரும் எழுதிவிடுவீர்கள். யாவும் நல்ல சொற்களே. ஆயினும் அவை எழுதியவருக்கு உரியவைதாமா என்பதை அந்தப் பட்டியல் காட்டாது. ஒன்றைக் காப்பதற்காக எதனை இழக்க முன்வருகிறோம் என்பதே அதனைக் காட்டும் என்பது என் கருத்து.

1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் பெருவெள்ளம். பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டியின் பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. மழையைப் பெய்வித்தவரும் அவர் அல்லர். பாலத்தைக் கட்டியவரும் அவர் அல்லர். எனினும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் விலகல் கடிதம் அளித்திருந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார்.

“அமைச்சர் விலகினால் பாலம் உறுதியாகிவிடுமா, ஐயா?” என்று வகுப்பில் வினவுவோர் உண்டு. நியாயமான வினாதான். ஆகாது, பாலத்திற்குப் பொறியாளர்தாம் வேண்டும். ஆனால், மேலே இருப்பவர் பொறுப்பை ஏற்காவிடின் அது படிப்படியாகக் கீழிறங்கி, எளிய ஊழியர் ஒருவரின் தலையில் போய் விழும். நாம் அன்றாடம் காண்பது அதுதானே! சாஸ்திரியின் விலகல் அந்தச் சரிவைத் தடுத்தது. அதனாலேயே அதனை வெறும் அடையாளச் செயல் என்று கொள்ள நான் உடன்படேன்.

அவர் வாழ்வில் இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. சாதியை உணர்த்தும் குடும்பப் பெயரை இளமையிலேயே நீக்கினார். ‘சாஸ்திரி’ என்பது காசி வித்யாபீடத்தில் பெற்ற பட்டம். 1965இல், பிரதமராக இருந்தபோது, உணவுப் பற்றாக்குறையை முன்னிட்டு வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். முதலில் தம் வீட்டில் அதனைச் செய்து பார்த்த பின்னரே வேண்டினார்.

நமக்குப் பதவி இல்லை. ஆனால் குழுச் செயல்திட்டம் உண்டு. அதில் பிழை நேர்ந்தால், “அந்தப் பகுதியை நான் செய்யவில்லை, ஐயா” என்று முந்திக்கொண்டு கூறும் குரல் எல்லா ஊர் வகுப்பறைகளிலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

ஆகவே, கீழே விடப்பட்டுள்ள இடத்தில் விழுமியங்களின் பெயர்களை எழுத வேண்டா. சென்ற மாதத்தில் ஒன்றைக் காப்பதற்காக நீங்கள் எதனை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதுக. எதுவும் நினைவுக்கு வராவிடின் இடத்தை வெற்றாகவே விடுக. அதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது.