இடமிருந்து மூன்றாவது மணி

சென்ற வாரம் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு மாசாயிலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். "எழுத்து பெரிசாயிடுச்சு சார். ஆனா கீழே வரிசையா இருக்கே, அந்தப் பட்டன்ல பாதி எழுத்தைக் காணோம். எனக்கு வேணாத பட்டனைத் தூக்கிட்டு வேணுங்கிறதை வச்சுக்க முடியாதா?" என்று கேட்டார்.

சில செயலிகளில் முடியும். பலவற்றில் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு என்னிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான்.

முதலில் அந்தப் பட்டை என்னவென்று பார்த்துவிடுவோம். செயலியைத் திறந்ததும் திரையின் அடியில் நான்கைந்து சிறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல். 'டேப் பார்' என்பார்கள். நாம் கீழ்ப்பட்டை என்றே வைத்துக்கொள்வோம். அது அடியில் இருப்பதற்குக் காரணம் நம் கட்டைவிரல். 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்பவர் தெருவிலும் பேருந்திலும் கைப்பேசி பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்து எழுதினார். அவர்களில் திரையைத் தொட்டுப் பயன்படுத்தியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தனர். அதிகாலையில் லார்க்கினில் பேருந்து ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடற்பாலத்தைக் கடப்பவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இடம் குறைவு. ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கூகுளின் வழிகாட்டி மூன்று முதல் ஐந்து பட்டன்கள் போதும் என்கிறது. ஐபோனிலும் ஐந்தைத் தாண்டினால் மீதி எல்லாம் 'மேலும்' என்ற கடைசிப் பட்டனுக்குள் போய்விடும். ஆக, அந்த ஐந்தில் யாருக்கு இடம் என்பதுதான் சண்டை.

அந்தச் சண்டையை நான் நேரில் பார்த்தேன். ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குச் செயலி ஒன்று செய்துகொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், தப்பு முழுக்க என்னுடையது. முகப்பு, நாள்காட்டி, அறிவிப்பு, கட்டணம், மேலும் என்று ஐந்து பட்டன் வைத்தேன். கூட்டத்தில் காட்டியதும் பொருளாளர் கட்டணம் முதலில் வர வேண்டும் என்றார். விளையாட்டுக்குப் பொறுப்பான அண்ணன், போட்டி முடிவுகளுக்குத் தனி இடம் கேட்டார். ஓர் அக்கா, "சிற்றுண்டிச்சாலை பட்டியல் இல்லாம என்ன செயலி?" என்று கேட்டுவிட்டார். ஆலய நிர்வாகக் கூட்டத்தில் மாலை மரியாதைக்கு நடக்கும் பேச்சுகூட இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் ஒரு சமாதானம் சொன்னேன்: "அவரவர் விருப்பப்படி அவரவரே மாற்றிக்கொள்ளட்டும்." எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

இது புதிய யோசனை அல்ல. 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே பாட்டுக் கேட்கும் செயலியில் 'மேலும்' என்பதற்குள் போய், வேண்டிய படத்தை இழுத்துவந்து கீழ்ப்பட்டையில் போட்டுக்கொள்ளலாம். முகநூலின் அமைப்புப் பக்கத்தில் எந்தப் பட்டன் நிலையாக நிற்கவேண்டும், எது மறையவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. ஐபேடுக்கு 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் ஆப்பிள் இதை எல்லாச் செயலியாளர்களுக்கும் எளிதாக்கிக் கொடுத்தது.

நம்மைக் கேட்காமல் இயந்திரமே மாற்றுவது வேறு. மைக்ரோசாப்ட் அதைச் செய்து பார்த்தது. ஆபீஸ் 2000இல், நாம் அதிகம் தொடாத கட்டளைகளைப் பட்டியல் தானாகவே ஒளித்துக்கொள்ளும். நேற்று இருந்தது இன்று எங்கே என்று தேடித் தேடிப் பலர் அலுத்துப்போனார்கள். எங்கள் அலுவலகத்தில் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்றே ஒருவர் முடிவு கட்டினார். 2007 பதிப்பில் வேர்டு, எக்செல் இரண்டிலும் அந்தப் பட்டியல்களையே எடுத்துவிட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். இழுத்துப் போடும் வசதியை இரண்டு வாரத்தில் சேர்த்துவிட்டேன். ஒவ்வொருவரின் வரிசையும் அவரவர் கணக்கில் பதிவாகும்படி செய்தேன். கைப்பேசி மாற்றினாலும் வரிசை மாறாது, எவ்வளவு வசதி என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு மாணவனின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். காலை நான்கரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புபவர். பையனைப் பார்த்துக்கொள்வது பாட்டி. மகனின் பழைய கைப்பேசிதான் பாட்டியிடம் இருந்தது. செயலியிலும் மகனின் கணக்கே திறந்திருந்தது. "அம்மா, இடப்பக்கத்திலிருந்து மூணாவது, மணி படம். அதுல சிவப்புப் புள்ளி இருந்தா அமுக்கிப் பாருங்க" என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தார். பாட்டிக்குச் செயலி என்றால் அந்த மணி மட்டும்தான்.

பள்ளி அறிவிப்புகள் மகனுக்கு வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அதனால் ஒருநாள் அவர் தம் கைப்பேசியில் மணியை எடுத்து 'மேலும்' பக்கத்துக்குள் தள்ளிவிட்டு, கட்டணத்தை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். என் புத்திசாலித்தனத்தால் அதே நொடியில் பாட்டியின் கைப்பேசியிலும் மணி காணாமல் போனது.

அந்த வாரம் விடாத மழை. பள்ளிச் சாலையில் தண்ணீர் ஏற, பிள்ளைகளைப் பதினொரு மணிக்கே அழைத்துச் செல்லும்படி அறிவிப்பு போனது. மகன் கட்டுமானத் தளத்தில், கைப்பேசி பெட்டிக்குள். பாட்டி செயலியைத் திறந்து மூன்றாவது படத்தைப் பார்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி இல்லை. சரி, இன்றைக்கு ஒன்றுமில்லை என்று உலை வைக்கப் போய்விட்டார். பையன் நாற்பது நிமிடம் காவலாளியின் குடைக்கடியில் நின்றான். ஆசிரியை ஒருவர் தம் காரில் கொண்டுபோய் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை பாட்டி என்னிடம் கோபப்படவில்லை. "நான்தான் தப்பா அமுக்கிட்டேன் போல தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எங்கே கோட்டைவிட்டேன்? வரிசையைக் கணக்கோடு கட்டியது ஒன்று. வரிசை என்பது விரலின் பழக்கம், அது அந்தந்தக் கைப்பேசியில்தான் இருக்கவேண்டும். அதைவிடப் பெரிய தவறு, சிவப்புப் புள்ளி மணியோடு சேர்ந்து உள்ளே ஒளிந்துகொண்டது. உள்ளே புதிதாக ஏதாவது இருந்தால் 'மேலும்' பட்டனிலும் அந்தப் புள்ளி தெரியவேண்டும். நான் அதை யோசிக்கவே இல்லை.

இப்போது முகப்பும் மணியும் ஆணியடித்ததுபோல் நிற்கின்றன. மணி எப்போதும் மூன்றாவது இடத்தில். மற்ற இடங்களைத்தான் மாற்றலாம். இழுத்துப் போடுவது நடுங்கும் விரலுக்குச் சிரமம் என்பதால் மேலே, கீழே என்று இரண்டு அம்புக்குறி வைத்தேன். 'பழையபடி மாற்று' என்று ஒரு பட்டனும் உண்டு. செயலியைப் புதுப்பிக்கும்போது வரிசை கலையாமல் இருக்க, எத்தனையாவது இடம் என்று எண்ணைப் பதியாமல் ஒவ்வொரு பட்டனுக்கும் மாறாத ஓர் அடையாளப் பெயர் கொடுத்துப் பதிந்தேன். சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு அவர் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. பொருளாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாசாய் வாசகரின் காணாமல் போன எழுத்துக்கு வருவோம். அகலம் 360 புள்ளி உள்ள திரையை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பட்டனுக்கு 72 புள்ளிதான். மலாயில் அதற்குள் அடங்கும் சொல் தமிழில் அடங்குவதில்லை. 'அறிவிப்புகள்' என்று எழுதினால் 'அறிவிப்…' என்று நிற்கும். உயரமும் சிக்கல். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும், கீழே உகரத்தின் வாலும் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்த உயரத்தில் தமிழைப் போட்டால் புள்ளி வெட்டுப்பட்டு 'பள்ளி' என்பது 'பளளி' ஆகிவிடும். கைப்பேசியில் தமிழே தெரியாத காலத்தில், 2005இல், நம் நாட்டு முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாகித் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒரு புள்ளிக்கு இடம் விடாமல் செயலி செய்தால் அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. நான் 'அறிவிப்புகள்' என்பதைச் 'செய்தி' ஆக்கினேன், பட்டையின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினேன்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுத்தின் அளவை ஒரு படி மட்டும் குறைத்துப் பாருங்கள். பல செயலிகளில் வெட்டுப்பட்ட சொல் திரும்பிவிடும். வேண்டாத பட்டனை எடுக்க, அந்தச் செயலியின் 'அமைப்பு' பக்கத்தில் தேடுங்கள். சிலவற்றில் அந்தப் பட்டனையே அழுத்திப் பிடித்தால் வழி தெரியும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்து, அவர்களுக்கு எண்ணிக்கை சொல்லிப் பழக்கியிருந்தால், மாற்றியதும் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.