தனியரசு ஒன்றே தீர்வாகுமா?

ஒவ்வொரு தேசிய இனத்துக்கும் தனியரசு அமைந்துவிடின் சிறுபான்மையினர் பிரச்சினை தானே மறைந்துவிடும் என வாதிடுவோர் உளர். பிரிவினையைச் சட்டத்தால் தடுத்துவிடின் அது மறைந்துவிடும் என வாதிடுவோரும் உளர். இரு சாராரும் எல்லைக்கோட்டைப் பற்றியே பேசி, அக்கோட்டினுள் வாழும் மக்களை மறந்துவிடுகின்றனர்.

பாக்கிஸ்தானின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இந்திய முஸ்லிம்கள் தனித் தேசிய இனத்தவர் என்னும் கோட்பாட்டின் மீது 1947 இல் அவ்வரசு எழுந்தது. மறு ஆண்டே டாக்காவில் உரையாற்றிய ஜின்னா, உருது ஒன்றே அரச மொழியாகும் என அறிவித்தார். நாட்டு மக்களுட் பெரும்பான்மையினர் பேசியதோ வங்க மொழி. 1952 பெப்ரவரி 21 இல் அம்மொழிக்காகக் கிளர்ந்த மாணவர் முதலானோர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர். 1970 தேர்தலில் அவாமி லீக் பெற்ற பெரும்பான்மைக்கு இராணுவ ஆட்சி பணிய மறுத்தது. 1971 இல் குருதிப் பெருக்கினூடே வங்காளதேசம் பிறந்தது. அப்பிரிவினைக்கு வித்திட்டோர் பிரிந்தவரல்லர், உரிமையை மறுத்தவரே.

ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. மொழிக்காக உயிர் கொடுத்த அதே மக்களின் 1972 ஆம் ஆண்டு யாப்பு, குடிமக்கள் யாவரும் வங்காளிகள் எனவே அறியப்படுவர் என விதித்தது. சிட்டகொங் மலைப்பகுதியின் பிரதிநிதியான மனபேந்திர நாராயண் லார்மா, தாம் வங்காளியல்லர் எனச் சபையிலேயே மறுத்துரைத்தார். அக்குரலுக்குச் செவிசாய்க்கப்படவில்லை. பின்னர் மூண்ட ஆயுதப் போராட்டம் 1997 உடன்படிக்கை வரை நீடித்தது. ஒடுக்கப்பட்டோர், அரசு கைவந்ததும், ஒடுக்கியோரின் வழியிலேயே சென்றனர்.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சியும் உண்டு. சுவீடிஷ் மொழி பேசும் ஓலண்ட் தீவினர் சுவீடனுடன் இணையவே விரும்பினர். 1921 இல் சர்வதேச சங்கம் அத்தீவுகளைப் பின்லாந்துக்கே உரியனவாக்கியது. எனினும் மொழி, நிலம், சுயாட்சி ஆகியவற்றுக்கு உறுதியான காப்பு வழங்கப்பட்டமையால் ஆங்கு இனப்போர் மூளவில்லை.

இலங்கையர் இவற்றை அயலார் கதையென ஒதுக்குதல் இயலாது. 1956 இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியோர், டாக்காவில் இழைக்கப்பட்ட தவறையே இங்கும் இழைத்தனர். 1990 இல் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய விடுதலைப் புலிகள், தமிழர் கோரிய நீதியைத் தமிழர் மண்ணிலேயே மறுத்தனர்.

தனியரசு கோருதல் ஒரு தேசிய இனத்தின் உரிமையாகலாம். ஆயின் தன் எல்லைக்குள் வாழும் சிற்றினங்களின் உரிமை யாது என்னும் வினாவுக்கு அவ்வினம் முதலில் விடைகூற வேண்டும். விடைகூறாத தேசியம், சிங்களத் தேசியமாயினுஞ் சரி, தமிழ்த் தேசியமாயினுஞ் சரி, அறிவுலகின் ஆதரவைக் கோருந் தகுதியற்றது.